இன்னும் கொஞ்சம் வேகம்

“போன வாரம் நீ போட்டதையும் லேடீஸ் ஒத்துக்கல நெல்லையப்பா. ஸ்டார்ட் ஆவறதே சரியில்லன்றாங்க,” என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம். கிண்டியிலிருந்து ஒரகடம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த நெல்லையப்பனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று.

கார் கண்ணாடி செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது லைனில் இருக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தால்தான் வேலை ஓடும். அந்தப் புரோகிராமை எழுதியவன், கிண்டியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலைபார்க்கும் நெல்லையப்பன்.

கம்ப்யூட்டரை வாங்கியவர் பர்ச்சேஸ் மேனேஜர் பாண்டுரங்கன். கத்திரிக்காய்க்குப் பேசுவதுபோல் பேரம் பேசி, இருப்பதிலேயே மலிவானதை வாங்கிப் போட்டார். பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். வேலையும் ஏறக்குறைய டிபன் பாக்ஸ் அளவுக்குத்தான் செய்யும். ஆனாலும் செலவை மிச்சம் பிடித்தார் என்று மேலிடம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது.

ஆரம்பத்தில், புரோகிராம் திறப்பதற்குள் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். காத்திருக்கும் நேரத்தில் வெறும் திரையைப் பார்த்துத் தன்னை யாரும் சபிக்கக் கூடாதே என்று, அதுவரை இருக்கன்குடி மாரியம்மன் படம் தெரிகிற மாதிரி செய்துவைத்தான் நெல்லையப்பன். அவன் அறைக் காலண்டரில் இருந்த படம்தான். திட்டு உடனே குறைந்தது.

லைனில் வேலைசெய்யும் பெண்கள் விட்டாலும் மேலிடம் விடவில்லை. திறக்கும் நேரத்தில் எத்தனை கண்ணாடி நஷ்டம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். “நல்ல கம்ப்யூட்டரா மாத்திட்டா போதும் சார்,” என்று பாண்டுரங்கனிடம் கெஞ்சிப் பார்த்தான்.

“அத்த மாத்துனா என் கேடயத்துக்கு இன்னா மரியாத? உன் புரோகிராம மாத்து,” என்றார் அவர்.

மாற்றினான். வண்ணங்களை எடுத்தான், வரைபடங்களை எடுத்தான், ஒருவரும் படித்திராத சேர்மன் வாழ்த்துச் செய்தியைக் கொஞ்சம் சந்தோஷமாகவே எடுத்தான். சஷ்டி விரதம் இருந்த ஆள் மாதிரி புரோகிராம் இளைத்தது, வேகமாகவும் திறந்தது. அப்போதுதான் முதல் புகார் வந்தது.

இன்னும் வெட்டினான். இன்னும் வேகமாகத் திறந்தது, இன்னும் பெரிய புகார் வந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கம்ப்யூட்டர்கூட நகர்ந்துவிட்டது, லைன் பெண்கள்தான் நகரவில்லை.

வேலைசெய்கிறவர் ஓகே சொல்லாமல் எந்தப் புரோகிராமுக்கும் கையெழுத்து கிடையாது என்பது அந்தக் கம்பெனியின் தரக் கொள்கை. ஓகே சொல்லவேண்டியவள் செல்லக்கனி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண். கேன்டீன் சாம்பாரிலிருந்து ஓ.டி. வரை வேறெதற்கும் அவளை யாரும் கேட்டதில்லை.

“இன்னைக்கு சைன் வாங்கிட்டு வா. இல்லன்னா அங்கயே கண்ணாடி தொடைக்கிற வேல இருக்கான்னு கேட்டுப் பாரு,” என்று கிண்டி முதலாளி ரகுபதி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். வேலை போவதோடு முடிகிற விஷயமும் இல்லை. பையன் கம்ப்யூட்டரையே வேகமாக ஓடவைக்கிறவன் என்று சொல்லித்தான் ஊரில் அப்பா பெண் பேசி முடித்திருந்தார்.

மத்தியான ஷிப்ட் ஏறும் நேரம். மானிட்டர் மேல் குங்குமமும் ஒரு துண்டு கனகாம்பரமும் இருந்தன. அந்த ஊரில் மெஷின் என்று எது வந்தாலும் பொட்டு வைப்பார்கள் என்பதால் நெல்லையப்பன் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டு இளைக்கவைத்த கடைசிப் புரோகிராமை ஏற்றிவிட்டுத் தள்ளி நின்றான்.

பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். செல்லக்கனி தொப்பியைச் சரிசெய்துகொண்டு மவுஸைத் தட்டினாள். அம்மன் படம் பளிச்சென்று வந்து போனது, புரோகிராம் திறந்துவிட்டது.

நெல்லையப்பன் கைதட்டாத குறைதான். அந்த டப்பாவை இவ்வளவு வேகமாக ஓடவைக்க இந்தத் தொழிற்பேட்டையில் இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் ஒரு முகத்திலும் தெளிவு இல்லை. பின்னாலிருந்து ஒருத்தி ‘உச்’ கொட்டினாள்.

“இப்பயும் சரியில்ல சார்,” என்றாள் செல்லக்கனி.

“இதுக்கு மேல இன்னா வேகம் வோணும் உங்களுக்கு? ராக்கெட்டா வுடப் போறீங்க?” என்று எரிந்து விழுந்த தணிகாசலம், ஆபீஸிலிருந்து கூப்பிடவும் அந்தப் பக்கம் போனார்.

நெல்லையப்பன் செல்லக்கனி பக்கம் திரும்பினான். சென்னைக்கு வந்தபின் மறைத்துவைத்திருந்த ஊர்ப்பேச்சு தானாக வந்துவிட்டது. “ஏ தாயி, எனக்கு வேல போயிரும். இதுல என்னதான் கொறைன்னு வாயத் தொறந்து சொல்லு. எப்பாடு பட்டாவது சரிபண்ணித் தாரேன்.”

செல்லக்கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா? மொதல்லயே சொல்லப்பிடாதா?” என்றாள். சூப்பர்வைசர் தூரத்தில்தான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். “அவர்ட்ட சொன்னா வேல நேரத்துல இது ஒரு கேடான்னு ஏசுவாரு. அதான் சொல்லல.”

“என்கிட்ட சொல்லு.”

“கும்பிட்டு முடிக்க வரைக்கும் ஆத்தா நிக்க மாட்டேங்கா அண்ணாச்சி, பழையபடி மெதுவாவே ஓட விடுங்க.”