பலன் வேண்டாதவர்

"பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்கிற கர்மயோகி!" என்று பிரகலாதன் மறுபடியும் முழங்கியபோது, மேடையில் இருந்த நமசிவாயத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

நீர்வேலிச் சனசமூக நிலையத்தில் ஆண்டு விழா, அதில் நமசிவாயத்துக்குப் பாராட்டு. கோயில் தலைவர் பிரகலாதன் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்.

யாரைக் கேட்டு ஒரு மனிதனைக் கர்மயோகி ஆக்குகிறார்கள்?

நமசிவாயத்துக்குத் தொழில் வாழைத்தோட்டம். அதோடு, ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடக்கிற உடல்களைப் பொறுப்பெடுத்து, சுடலைக்குக் கொண்டுபோய், பெற்ற பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் நின்று கொள்ளி வைப்பார். மறுநாள் சாம்பலை அள்ளிக் கீரிமலைக் கடலில் கரைப்பார். பல வருடமாக இதுதான்.

அந்த உடல்கள் தன் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஓடிவந்து கேற்றைச் சாத்தியவர் இதே பிரகலாதன். சாவுத் துடக்கு, தீட்டுப் பட்டுவிடுமாம். இன்றைக்கு அதே வாயால் பற்றற்ற சேவை பற்றித் தத்துவம் பொழிகிறார். வெட்கம் கெட்ட மனிதர்.

அதைக்கூடப் பொறுக்கலாம். பலன் வேண்டாதவர் என்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நமசிவாயத்துக்குப் பலன் வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் கொள்ளியைக் கையில் எடுக்கிறார். கும்பிட்டுக் கேட்பதில்லை, சிவனோடு சண்டை பிடித்துக் கேட்கிறார். நான் செய்கிறேன் அல்லவா, நீயும் செய்து தந்திருக்க வேண்டும் என்று நெருப்பின் முன்னால் நின்று வாய்க்குள் திட்டுகிறார். கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆத்திரத்தைப் போய்த் தியாகம் என்று சொல்ல இவர்கள் யார்?

பொன்னாடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டியதுதான்.

"நமசிவாயம் அண்ணை, நீங்களும் ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்று பிரகலாதன் மைக்கை நீட்டினார்.

பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எனக்குப் பலன் வேண்டாமெண்டு ஆர் சொன்னது?"

பிரகலாதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோதுதான், முன்வரிசையில் இருந்த மனைவி குணலட்சுமியைப் பார்த்தார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டமாகக் குந்தியிருக்கும் தெருவோரக் கொட்டிலிலிருந்து நேரே வந்திருந்தாள். மடியில் மகன் டிலக்ஷனின் படம். நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் காணாமல் போனவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கும் சேர்த்து உடுப்பு எடுப்பாள். இன்றோ நாளையோ வந்துவிடுவான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

எங்கேயோ ஒருவன் என் பிள்ளைக்கும் கொள்ளி வைத்திருக்க வேண்டும். நமசிவாயம் கேட்கிற பலன் அது ஒன்றுதான்.

அதை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

"நான்தான் சொன்னனான்" என்றார் நமசிவாயம். "எனக்கு ஒண்டும் வேண்டாம்."

பிறகு பிரகலாதன் விரித்த பொன்னாடைக்குக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் குணலட்சுமிதான்.