செவ்வாயா, புதனா?

“கல்யாணம் ஆயிடுச்சா? யாருக்கு?”

கேட்டுவிட்டு, கையிலிருந்த ஓட்ஸ் ரொட்டியைத் தட்டில் வைத்தார் பால்கெய்ர்ன் பிரபு.

“எனக்குத்தான்ப்பா,” என்றாள் கிரிஸெல். ஐந்து மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவளுக்குப் பின்னால் நினியன் நின்றான். இளம் மருத்துவன். பிரபுவின் மனைவிக்குக் கடைசி மூன்று மாதம் வைத்தியம் பார்த்தவன்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஹோல்கர் உட்கார்ந்திருந்தார். டென்மார்க் தூதர். கிரிஸெலை அழைத்துப் போக வந்திருந்தார். மாப்பிள்ளை அவருடைய அண்ணன், நாற்பத்தெட்டு வயது. போன கோடையில் பிரபு அந்த நாட்டுக்குத் தூது போனபோது, மன்னர் கட்டளைப்படி பேசி முடித்த சம்பந்தம். லீத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. மதியம் கிளம்ப வேண்டும்.

“என்ன பிரபு இது? கல்யாணமான பெண்ணையா எங்களுக்குப் பேசினீங்க?”

“பொறுங்க ஹோல்கர். நான் நீதிபதி. விசாரிக்கத் தெரியும்.” பிரபு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “என்னிக்கு நடந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமை,” என்றாள் கிரிஸெல்.

“புதன்கிழமை,” என்றான் நினியன், அதே நொடியில்.

ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் கிரேகர் தலையைத் தூக்கினார். “நீளமான கல்யாணம் போல இருக்கு, பிரபு. செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு புதன்கிழமை முடிஞ்சிருக்கும்.”

“உம்மைக் கேக்கல. எந்த ஊர்ல?”

“மசல்பராவுல,” என்றாள் மகள்.

“எந்தப் போதகர்?”

“ஊர் ஊராப் போறவர்ப்பா. பேரு கேக்கல.”

“சாட்சி?”

“ரெண்டு மீன்காரிங்க,” என்றான் நினியன். “அவங்க பேரும் கேக்கல.”

“மீன் விலையாவது கேட்டியா?”

கிரேகர் இருமிச் சமாளித்தார். ஹோல்கர் சமாளிக்கவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

“எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்ககூட இதைவிட நல்லாப் பொய் சொல்லும். பெட்டியை இறக்கச் சொல்லுங்க பிரபு. நேரமாகுது.”

“அப்பா, என்னை அனுப்பாதீங்க.”

“மன்னர் வாக்குக் கொடுத்துட்டார் கிரிஸெல். அதை மீற எனக்கு உரிமை இல்ல.” பிரபுவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நினியனைப் பார்த்தார். “உன்கிட்ட ஒருத்தியை ஒப்படைச்சேன். காப்பாத்தல. இப்ப இன்னொருத்தியைக் கேக்கிற.”



“காப்பாத்த முடியல பிரபு. கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தேன்.”

பிரபு கணப்பைப் பார்த்தார். கரி ஒன்று சரிந்து விழுந்தது.

“ஆமா, நீ இருந்தே,” என்றார். பிறகு, “கிரேகர், புதுத் தாள் எடும். நீதிபதி முன்னால பொய் வாக்குமூலம் கொடுத்தா என்ன தண்டனைன்னு இவங்களுக்குச் சொல்லும்.”

“சிறைதான் பிரபு. காதைக் கம்பத்தோட சேத்து ஆணி அடிக்கிறதும் உண்டு. அன்னிக்கு ஆணி கிடைக்கிறதைப் பொறுத்து.”

“கேட்டுக்கிட்டீங்களா? கதவு திறந்துதான் இருக்கு. இப்ப வெளியே போனா, நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல.”

கிரிஸெல் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நினியன் ஒரு எட்டு முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“சரி. நினியன், இவ உனக்கு யாரு?”

“என் மனைவி.”

“கிரிஸெல், இவன் உனக்கு யாரு?”

“என் புருஷன்.”

“யாரும் வற்புறுத்தலையே? ரெண்டு பேரும் மனசறிஞ்சுதான் சொல்றீங்க?”

“ஆமா,” என்றார்கள். இந்த முறை பதில் மாறவில்லை.

கிரேகர் சொன்னதையெல்லாம் இறகுப் பேனாவால் தாளில் எழுதி முடித்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள். கிரிஸெல் அவசரமாகப் போட்டதில் ஒரு சொட்டு மை சிந்தியது. அடுத்து கிரேகர் போட்டார். பிரபு தாளை ஹோல்கர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களும் போடுங்க. பாதிக்கப்பட்டது உங்க குடும்பம். நாளைக்கு ‘நாங்க அப்படிச் சொல்லவே இல்ல’ன்னு இவங்க மாறக் கூடாது.”

“சந்தோஷமாப் போடறேன்.” ஹோல்கர் தன் பட்டங்களையும் சேர்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். “இப்ப காவலாளைக் கூப்பிடுங்க. பையன் சிறைக்கு, பெண் கப்பலுக்கு.”

பிரபு மை காய மணல் தூவினார். ஊதினார். அவசரப்படவில்லை.

“பொய்தான் சொன்னாங்க. இந்த அறைக்குள்ள வரும்போது இவங்களுக்குக் கல்யாணம் ஆகல.”

கிரிஸெல் கண்களை மூடிக்கொண்டாள்.

“ஆனா எங்க நாட்டுச் சட்டத்துல போதகர் வேண்டாம், சர்ச் வேண்டாம். ஆணும் பெண்ணும் சாட்சிகள் முன்னால மனசறிஞ்சு, ‘இவ என் மனைவி, இவன் என் புருஷன்’னு சொல்லிட்டா, அந்த நிமிஷமே அது கல்யாணம்.”

பிரபு தாளை மடித்து மகளின் கையில் வைத்தார்.

“கல்யாணத்துக்கு இருந்து சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்ததுக்கு நன்றி, ஹோல்கர்.”