தட்டிப் பார்த்த எலி

மலையடிவாரப் பண்ணை வீடு ஒன்றில் ஒரு குடும்பம் சீஸ் செய்து விற்றது. சீஸ் அறைக்குக் காவல் அல்லி என்ற பூனை. ஒரு காலை, அங்கே நுழைந்த சுண்டன் எலியின் வாலை அவள் மிதித்துப் பிடித்தாள்.

“திருட வரலை அக்கா. உங்க முதலாளி மாதிரி, தட்டிப் பார்த்தே பக்குவம் சொல்லுவேன்,” என்ற சுண்டன், பக்கத்திலிருந்த பெரிய சீஸைத் தட்டினான். “அடடா, உள்ளே பொள்ளல், வெறும் ஓட்டைதான்.”

நாளை விருந்தாளிகள் முன் வெட்டப்போகும் சீஸ் அது. கெட்டிருந்தால் அல்லிக்குக் கிடைக்கும் பால் நின்றுவிடும்.

“எவ்வளவு பொள்ளல்?”

“உள்ளே போய்ப் பார்த்தாத்தானே தெரியும்.”

அல்லி காலை எடுத்தாள். சுண்டன் சாயங்காலம்வரை உள்ளே பார்த்தான்.

மறுநாள் முதலாளி தட்டியதும் சீஸ் முரசாய் அதிர்ந்தது. அல்லிக்குப் பால் இல்லை.

“சொன்னபடியே இருக்கே. கெட்டிக்காரன்,” என்று வியந்த அல்லி, மற்ற சீஸையும் காட்டிவிடச் சுண்டனைத் தேடிப் போனாள்.