வாங்கியவள் வைத்த பெயர்

பனியன் கம்பெனியில் தைக்கும் ராமுத்தாயின் வாசலுக்கு, பக்கத்து வீட்டு மயிலாத்தாள் ஒரு முறம் தவிடோடு வந்தாள்.

“இந்தத் தவுட்டை வெச்சுக்கிட்டு உம்புள்ளைய எனக்கு வித்துப்போடு கண்ணு.”

“மொத ரெண்டும் எங்கிட்டத் தங்கலையேக்கா. இதாவது பொழைக்கணும்.”

“இனி எங்கூட்டுது. மாரியாத்தா பாத்துக்குவா. உங்கிட்ட வளரட்டும், அவ்வளவுதான்.”

தவிட்டை வாங்கி வைத்த ராமுத்தாய், தொட்டிலில் கிடந்த தன் பச்சைக் குழந்தையை எடுத்து மயிலாத்தாளின் மடியில் போட்டாள்.

“வாங்குனவதான் பேரு வெக்கோணும். தவுட்டம்மா.”

“பெரியவளாகிக் கம்பெனிக்குப் போனா எல்லாரும் சிரிப்பாகளேக்கா.”

“கம்பெனிக்குப் போற அளவுக்கு வளந்து நிக்கட்டும். அப்புறம் எத்தனை பேரு வேணும்னாலும் சிரிக்கட்டும்.”

ராமுத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை சிணுங்கியது. மயிலாத்தாள் அதைத் திருப்பி நீட்டினாள்.

“எம்புள்ளைக்குப் பசிக்குது பாரு. பாலு குடு.”