அம்மன் வாங்காத தட்டு

தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த கோகிலாவைப் பார்த்து எதிர்வீட்டுப் பாவாயி முகத்தைச் சுளித்தாள். புருஷன் இடுப்பு ஒடிந்து ஒரு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான், இவளுக்கு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பூ கேட்கிறதாக்கும்.

“ரமேசு எப்படியிருக்கறான் கண்ணு?” என்று உள்ளே எட்டிப் பார்க்கப் போனாள்.

“எழுப்ப வேண்டாமுங்க” என்று கோகிலா கதவைச் சாத்திப் பூட்டினாள்.

கல்நெஞ்சுக்காரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள் பாவாயி. சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ரமேஷ்குமார் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்பில் கட்டக் கயிறு கிடையாது; விழுந்தவனை மலையிறக்க ஜீப்பும் தரவில்லை. அவன் கவனக்குறைவுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார் தோட்ட முதலாளி குணசேகரன்.

ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் கோகிலா மாரியம்மன் கோயில் பூசாரி காளியண்ணனிடம் போய் நின்றாள். தன் புருஷனுக்காக மட்டும் கேட்கவில்லை. வளப்பூர் நாட்டு மலையூர்களில் அந்தத் தோட்டத்தை நம்பி மரமேறுகிற அத்தனை பேருக்காகவும் கேட்டாள்.

முதலாளி கீழே சமவெளிக்காரர். நோம்பியன்று அம்மன் தன் தோட்டத்து வாசலுக்கு வரும்போது மட்டும் தவறாமல் மலையேறுவார். போன வருடம் அன்றைக்கென்று ஊரில் ஒரு சாவு விழ, சப்பரமும் கிளம்பவில்லை, அவரும் வரவில்லை. இந்த முறை விடக்கூடாது என்று பூசாரி கோயிலில் ஊரைக் கூட்டிப் பேசி முடித்திருந்தார்.

சாயங்காலம் சப்பரம் தோட்டத்து வாசலில் இறங்கியது. முதலாளி தேங்காய் பழத் தட்டை நீட்டினார். பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உங்க தோட்டத்துல வேலை செய்யறவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்புன்னு அம்மன் முன்னால சொல்லுங்க. அப்பறம் தட்டை வாங்கறனுங்க.”

முதலாளி முதலில் சிரித்துப் பார்த்தார், பிறகு அதட்டிப் பார்த்தார். சப்பரம் தூக்கி வந்தவர்கள் அசையவில்லை. அம்மன் வாங்காத தட்டோடு திரும்பிப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. மரமேறுகிறவர்களுக்கு இடுப்புக் கயிறு, அடிபட்டால் ஜீப், வைத்தியச் செலவு, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு ஊரறியக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். மரமேறிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோகிலா மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்; திருநீறு கொண்டுவந்தவர்களைக் கண்டதும் பின்னால் நகர்ந்துகொண்டாள். இத்தனை செய்த அம்மன்மேல் இன்னும் என்ன கோபமோ என்று பாவாயி அங்கலாய்த்தாள்.

சப்பரம் திரும்பியதும் பூசாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்ல சேதியை ரமேஷிடம் தானே சொல்ல வேண்டும் என்று திருநீற்றோடு கிளம்பினார். பாவாயியும் கூடவே வந்தாள்.

கோகிலா பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சாமி கோயிலுக்குள்ள போயிருச்சுங்களா?”

“போயிருச்சு கண்ணு. நடையும் சாத்தியாச்சு. கதவைத் திற, அவனும் சந்தோசப்படட்டும்.”

கோகிலா எழுந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே கால் வைத்த பாவாயி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“விடியக்காலமே உசுரு போயிருச்சுங்க. இனி நா அழுவலாமுங்களா?”