அரை நொடி போதும்

விஜி அரை நொடி கண்ணை எடுத்தால் போதும், காரியத்தை முடித்துவிடலாம். அவள் கைப்பை மடியில்தான் கிடந்தது. பக்கத்து இருக்கையில் உமேஷின் விரல்கள் வியர்த்திருந்தன.

பயப்பட வேண்டாம், உமேஷ் திருடன் இல்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிற ஜோகுபாளையத்துப் பையன். கையில் இருந்தது சீட்டுக்கட்டு. ஆபீஸ் கேப் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் கிடக்கும்போது, அதே பேட்டையிலிருந்து ஏறுகிற விஜிக்கு வித்தை காட்டுவதுதான் மூன்று மாதமாக அவன் பிழைப்பு.

வித்தை சுலபம், அதற்குள் இருக்கிற கைவேலைதான் உயிரை வாங்கியது. விஜி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். உமேஷ் அதை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையிலுள்ள கட்டின் மேல்சீட்டோடு அரை நொடியில் மாற்றிவிட வேண்டும். இதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினால் ஜென்மத்துக்கும் வராது, ஒரு வித்தைக்குள் வைத்து ஆள் முன்னால் செய்து பழகினால்தான் வரும் என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். பதில் சொல்ல ஆள் நிமிரும்போது சீட்டு மாறிவிட வேண்டுமாம்.

விஜி நிமிர்ந்தால்தானே. டிபன் ஆச்சா என்று கேட்டால், சீட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே ஆச்சு என்பாள். அப்புறம், "மாத்திட்ட, பாத்துட்டேன்" என்பாள். மூன்று மாதமாகத் தினமும் இதே கதை.

உமேஷின் மூளை மொத்தமும் விரலுக்கு இறங்கிவிடுவதால், அந்த நேரத்தில் வாய் தன்பாட்டுக்கு எதையாவது கேட்டுவைக்கும். பதில் காதில் ஏறவே ஏறாது. ஒருமுறை, உன் பெரியப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார்ந்து நாலு வடை தின்றுவிட்டு வந்திருந்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் அதிசயம் நடந்தது. வாய் எதையோ கேட்டது, விஜி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் முழுதாக நாலு நொடி அவன் முகத்தையே பார்த்து ஏதோ சொன்னாள், சீட்டு சத்தமில்லாமல் மாறியது. "வந்துடுச்சு" என்று உமேஷ் போட்ட கத்தலில் டிரைவர் நாகேஷ் பிரேக்கை மிதித்து, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் பதறினார். உமேஷ் சந்தோஷம் தாங்காமல் வண்டியை ஒரு பேக்கரி ஓரம் நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக் கொடுத்தான். விஜி தன் பங்கைத் தின்னாமல் டிஷ்யூவில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளை கேப் ஏற்றிவிட அவள் அப்பா பச்சைமுத்துவே வந்து நின்றார். அல்சூரில் தையல் கடை வைத்திருப்பவர், டேப்பைக் கழுத்தைவிட்டு இறக்காத மனிதர். உமேஷைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தார், கையை அளந்தார், டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆளைப் பார்த்தால் டேப்பை எடுக்கிற தொழில் புத்தி என்று உமேஷ் சிரித்துக்கொண்டான்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், என்னைக் கட்டிக்கிறியா என்று விஜியிடம் கேட்பதற்குத்தான். பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது, கேப்புக்கு நிற்கும்போதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகியிருந்தான். அவள் எதிரில் மட்டும் அது வாயைவிட்டு வராது. அதனால் ஒரு சீட்டில் மார்க்கரால் எழுதி, அதையே மேல்சீட்டாக வைத்து அவள் கைக்கு மாற்றிவிடுவதாகத் திட்டம்.

நேற்று கேன்டீனில் அந்தத் திட்டத்தில் மண் விழுந்தது. விஜிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாம், மாப்பிள்ளை யாரென்று கேட்டால் சிரிக்கிறாளாம் என்று கூட வேலை செய்கிற ஷில்பா அவன் காதைக் கடித்தாள். உமேஷுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் விரலைத் தேய்த்தது எவனோ ஒருத்தன் மாலை போட்டுக்கொள்ளவா என்று அழுகையே வந்தது.

முடிவுதானே ஆகியிருக்கிறது, தாலி ஏறவில்லையே. அந்தத் தைரியத்தில்தான் இந்த வெள்ளிக்கிழமை காலை மறுபடி கட்டை எடுத்திருந்தான்.

விஜி கிளாவர் ஒன்பதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வாய் எதையோ கேட்டது. அவள் நிமிர்ந்தாள். சீட்டு மாறியது, தாடிக்காரரே பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

உள்ளங்கையில் அவன் வைத்த சீட்டை அவள் திருப்பினாள். எழுத்துக்கூட்டுகிற மாதிரி இரண்டு தடவை படித்தாள். முகம் மாறிவிட்டது.

"உனக்குக் கல்யாணம் முடிவானது எனக்குத் தெரியும் விஜி," என்றான் உமேஷ். "கேக்காம விட்டா எனக்கு மனசு ஆறாது. ஸ்வல்ப யோசிச்சு பதில் சொல்லு."

"அப்போ செவ்வாக்கெழம நீ கேட்டது இன்னா?"

"செவ்வாக்கெழம நான் இன்னா கேட்டேன்?"

விஜி அந்தச் சீட்டை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"இதேதான் கேட்ட, நானும் சரின்னேன், அங்க அப்பா உன் கோட்டுக்கு பட்டன் தச்சிக்கினு இருக்காரு."