திடலின் கிழக்குப் பாதி

“இன்னொரு அடி வெச்சியோ, தமிழ்நாடு!”

பந்தைத் துரத்தி வந்த பெரியமுத்து, திடலின் குறுக்கே கிடந்த வெள்ளைக் கோட்டின் முன் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினான்.

“பந்து தாண்டிப் போயிருச்சுங்க சார். செக்போஸ்ட்டுல அரிசிக்குத்தான் பர்மிட்டு கேப்பாங்க. பந்துக்கும் வேணுங்களா?”

“பரிகாசம் பண்றயோடா? போனது போகட்டும், விட்டுடு!” என்றார் டிரில் மாஸ்டர் பஞ்சாபகேசன்.

இலக்குவன் கிழித்த கோட்டைச் சீதை ஒருமுறையாவது தாண்டினாள். தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று வெளியே, மீனாட்சிபுரத்தை அடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கோட்டைத் தாண்ட எவருக்கும் அனுமதியில்லை.

கல்பாத்தித் தேருக்காக ஒரு வாரம் விடுப்பில் போயிருந்தார் பஞ்சாபகேசன். அந்த வாரம்தான் மாநில எல்லையை அளக்கும் சர்வேக்காரர்கள் சங்கிலியும் கொடியுமாய் ஊருக்குள் வந்து போனார்கள். திரும்பி வந்து பார்த்தால், வடவேலி தொடங்கித் தென்வேலி வரை ஒரே சுண்ணாம்புக் கோடு, திடல் சரிபாதி.

அவருக்கு நெஞ்சே இரண்டாய்ப் பிளந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் மன்றாடிப் பெற்ற உபஜில்லாக் கபடிப் போட்டி, வரும் சனிக்கிழமை இந்தத் திடலில்தான். பாதித் திடல் அயல்மாநிலமானால் போட்டி வேறு பள்ளிக்குப் போய்விடும்.

பியூன் குப்பண்ணன், நகக்கண்ணில் வெள்ளை படிந்த விரலால் பிடரியைச் சொறிந்துகொண்டு வந்தார். “ஏனுங்க சார், அந்தக் கோடு வந்துங்க...”

“இது ரெண்டு சர்க்கார் விஷயமாக்கும். நீ வாயத் தொறக்காதே!”

அன்றே சித்தூர்த் தாசில்தாருக்கு விண்ணப்பம் பறந்தது. ‘தாயைப் பிரிந்த கன்றெனக் கதறும் எம் திடலின் கிழக்குப் பாதி’ என்று தொடங்கி நான்கு பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை தாலுகா சர்வேயர் ரத்தினசாமி வந்து சேர்ந்தார். வரைபடத்தை விரித்தார், கோட்டின்மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார், சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

“எல்லைக்கல்லு ஓடைக்கு அந்தப் பக்கமுங்க, இங்கிருந்து அரை மைலு. உங்க கிரவுண்டுல ஒரு பிடி மண்ணுகூடப் போகலீங்க.”

பஞ்சாபகேசன் கண்ணில் நீர் தளும்பக் கைகூப்பினார். மறுகணமே புருவம் நெறிந்தது.

“அப்போ எந்தப் படுபாவி எங்க கிரவுண்டை ரெண்டாப் பொளந்தது?”

குப்பண்ணன் கைகட்டி முன்னால் வந்தார். “இப்ப வாயத் தொறக்கலாமுங்களா சார்?”

“தொறந்து தொலை!”

“தேருக்குப் போறப்ப, கபடிக்கு நடுக்கோடு போடச் சொன்னீங்களேங்க... சுண்ணாம்பு மிஞ்சிப் போச்சுங்க!”